உடைந்த ஊசிக்கு ஒரு ரிஜிஸ்டர்

(திருப்பூரில் பொதுமேடை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முதியோர் இல்லம் பற்றிப் பேசக் கூப்பிட்டால் மேடையில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பெற்றவர்களைக் கைவிட்ட பிள்ளைகளை ஒரு பிடி பிடிப்பார்கள். கூட்டுக் குடும்பம் போச்சே என்பார்கள். நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள். காபி குடித்துவிட்டுக் கலைவோம். நான் அதைப் பேசப் போவதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள், மீதிப் பேர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நானும் கம்ப்ளையன்ஸ், அதாவது கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்கிற சரிபார்ப்பு வேலை, பார்த்தே தலை நரைத்தவன். அதனால் கம்பெனிப் பாஷையிலேயே பேசிவிடுகிறேன்.

பவர் டேபிளில் ஓர் ஊசி உடைகிறது. ஓவர்லாக்கோ பிளாட்லாக்கோ, ஏதோ ஒரு மிஷின். டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் வருவார். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, முழு ஊசி தேறுகிறதா என்று சேர்த்து வைத்துப் பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டுவார். தேதி, நேரம், மிஷின் நம்பர், டெய்லர் பெயர், கையெழுத்து. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த பண்டலே நிற்கும். தரையில் காந்தம் ஓட்டுவார்கள். பீஸ்களைத் தனியே கட்டி மெட்டல் டிடெக்டரில் விடுவார்கள். அதற்கப்புறம்தான் புது ஊசி கைக்கு வரும். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ இருக்கிற, நாம் ஜென்மத்துக்கும் பார்க்கப் போகாத ஓர் ஆறு மாதக் குழந்தைக்கு முனை குத்திவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவும்.

அதே ஊரில் ஓர் இல்லத்தில் 78 வயது அம்மா ஒருவர் விடியக்காலம் பாத்ரூமில் வழுக்கி விழுகிறார் என்று வையுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், எத்தனை மணிக்கு ஆள் போய்த் தூக்கியது, தரை ஈரமா, லைட் எரிந்ததா, போன மாதம் இதே இடத்தில் வேறு யாராவது விழுந்தார்களா என்று எழுதி வைக்க அங்கே ஒரு நோட்டு இருக்கிறதா? பல இல்லங்களில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எடுத்துக் காட்டுவது பார்வையாளர் புத்தகம். மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியவர்கள் "மிகச் சிறந்த சேவை, வாழ்த்துகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

கம்பெனியில் இருக்கும் ரிஜிஸ்டர் இல்லத்தில் ஏன் இல்லை? நமக்குக் குழந்தை மேல் பாசம் அதிகம், கிழவி மேல் பாசம் குறைவு என்பதாலா? அதெல்லாம் இல்லை. அங்கே சரக்கு வாங்குகிற பையர் கேட்டான், வைத்தோம். இங்கே யாரும் கேட்கவில்லை, வைக்கவில்லை.

தரம் எப்படி வருகிறது என்பதற்குத் திருப்பூரைவிட நல்ல பாடப்புத்தகம் இந்தியாவில் கிடையாது. நம் ஊரில் அது இரண்டு வழியாக வந்தது. ஒன்று, வாங்குகிறவன் வழியாக. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24-ம் தேதி ஆடைக் கம்பெனிகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்பு அதே நாட்டில் தஸ்ரீன் கம்பெனியில் தீ, நூற்றுக்கு மேல் சாவு. அதற்கப்புறம் இங்கே வந்த ஆடிட்டர்கள் எப்படி மாறினார்கள் என்பது இந்த அரங்கில் பலருக்கு நினைவிருக்கும். எமர்ஜென்சி எக்ஸிட்டில் பூட்டுத் தொங்கினால் டீ கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

இரண்டாவது வழி, பாதிக்கப்பட்டவன் வழியாக. தண்ணீரை மாசுபடுத்தக் கூடாது என்று 1974-லேயே சட்டம் வந்துவிட்டது. சாயத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் போய்க்கொண்டேதான் இருந்தது. 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலாகச் சாயக் குட்டை ஆனது. கடைசியில் யார் நிறுத்தினார்கள்? கீழே நிலம் வைத்திருந்த ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், விடாமல் நின்று, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சுமார் எழுநூறு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வலி யாருக்கோ அவர்கள் வாய் திறந்தார்கள். சாயக் கழிவை வெளியே விடவே கூடாது என்கிற ஜீரோ டிஸ்சார்ஜ் வந்தது. சட்டம் வந்ததற்கும் தரம் வந்ததற்கும் நடுவில் 37 வருஷம்.

இப்போது முதியோர் இல்லத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பணம் கட்டுகிறவர் மகன். இருப்பவர் அம்மா. சாப்பாடு சரியில்லை என்றால் அது மகனுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். ஏன் சொல்ல மாட்டார்? ராத்திரி எழுப்பி பெட்பேன் வைக்க வருவது யாரைப் பற்றிச் சொல்வோமோ அதே ஆயாதான். மகன் போன் பண்ணும்போது போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதும் அவரேதான். "சாப்டீங்களா அம்மா?" "சாப்ட்டேன் சாமி, நல்லாக் கவனிச்சுக்கறாங்க." இதைக் கேட்டு மகனும் நிம்மதியாகப் போனை வைக்கிறார். அவருக்கும் இந்தப் பதில்தான் வேண்டும். வேறு பதில் வந்தால் வீட்டில் இடம் பார்க்க வேண்டுமே.

கொங்கு நாட்டுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. அம்மா இல்லத்தில் இருப்பதை நாம் ஊருக்குச் சொல்வதில்லை. "அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்க" என்போம். நோம்பிக்கு மட்டும் காரில் கூட்டிவந்து, போட்டோ எடுத்து, ராத்திரியோடு கொண்டுபோய் விடுவோம். இப்படி மறைப்பதை நான் ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசவில்லை, தொழில் பிரச்சினையாகச் சொல்கிறேன். மறைத்து வாங்குகிற சரக்கைப் பற்றி யாரும் நாலு பேரிடம் விசாரிக்க முடியாது. டையிங் எங்கே கொடுப்பது என்பதற்கு இருபது பேரிடம் கேட்கிற ஊர், அம்மாவை எங்கே விடுவது என்பதற்கு ஒருத்தரிடம் வாய் திறப்பதில்லை. மோசமான இல்லம் பிழைப்பது இந்த மௌனத்தில்தான்.

தொழிலாளிகள் பக்கம் கதை வேறு. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள், இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்கள். லைன் வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஆறு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். புருஷன் பொண்டாட்டி இருவரும் ஒன்றரை ஷிப்ட். நடமாட முடியாத அப்பாவை அந்த அறையில் பூட்டிவிட்டுப் போவதா, ஊரிலேயே தனியாக விடுவதா? இவர்களைப் பாவிகள் என்று மேடையில் திட்டுவது எளிது. இவர்களுக்குக் கட்டுப்படியாகிற இல்லம் என்று ஒன்று வந்தால் அது மிகச் சின்னதாக, மிக மலிவாக, பெயர்ப்பலகை கூட இல்லாமல் இருக்கும். கண்காணிப்பு அதிகம் தேவைப்படுவது அந்த இடத்துக்குத்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் ஜீவனாம்சம் தர வேண்டும், மாதம் 10,000 ரூபாய் வரை தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. நம் மாநிலத்தில் கோட்டாட்சியர்தான் அந்தத் தீர்ப்பாயம். வக்கீல் தேவையில்லை. கவனித்துக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெற 23-ம் பிரிவு இருக்கிறது. பெற்றவரைத் தெருவில் விட்டால் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகளின் கடமை பற்றி இவ்வளவு பேசும் சட்டம், இல்லங்களைப் பற்றி ஒரே ஒரு பிரிவில் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறது. 19-ம் பிரிவு. மாநில அரசு மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்", அவ்வளவுதான். அந்த அரசு இல்லங்களுக்கு மத்திய அரசின் மாதிரி விதிகள் ஒரு அட்டவணை போட்டன. படுக்கும் இடம் ஆளுக்கு 7.5 சதுர மீட்டர், ஆண் பெண் தனி வசதி, நோயாளி அறை, மாற்றுத்திறனாளி கழிப்பறை என்று. காசு வாங்கி நடத்தும் தனியார் இல்லத்துக்கு அந்த அட்டவணை அப்படியே பொருந்தாது. அவர்கள் சமூக நலத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆட்சியர்கள் அவ்வப்போது அறிக்கை விடுகிறார்கள், நாளிதழில் மூன்றாம் பக்கத்தில் வருகிறது.

இந்த ஓட்டையை அடைக்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். எல்லா மூத்த குடிமக்கள் இல்லங்களும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வகுக்கப்படும் என்று அதில் இருந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. கொரோனா வந்தது. 2024-ல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாகிவிட்டது. அந்த மசோதா வருவதற்கு முந்தைய வருஷம், 2018 டிசம்பரில், அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டவாரியாக எத்தனை முதியோர் இல்லம் இருக்கிறது என்ற கணக்கையே முதலில் எடுக்கச் சொன்னது. எண்ணிக்கையே கைவசம் இல்லாத நிலையில் தரத்தை எங்கே போய்த் தேடுவது? நம் மாநிலத்தில் 2011 கணக்கெடுப்பில் 60 வயது தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் பதினெட்டுப் பேர் ஆகும் என்று மத்திய அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான்.

பயமுறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் மூன்று இடங்களைச் சொல்லாமல் தாண்ட முடியாது. மூன்றும் தமிழ்நாடு.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை விடியக்காலம் எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர்.

2022 அக்டோபர் 6, நம்ம திருமுருகன்பூண்டி. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு. மூன்று பையன்கள் இறந்தார்கள், மற்றவர்கள் ஆஸ்பத்திரியில். அமைச்சர் கீதா ஜீவன் நேரில் வந்து பார்த்தார், நிர்வாகத்தின் அலட்சியம் என்றார், காப்பகத்தை மூட உத்தரவானது. குழந்தைகள் விஷயத்தில் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, ஆய்வுக் குழு இருக்கிறது. அத்தனையும் இருந்தும் இது நடந்தது. அதில் எதுவுமே உறுதியாக இல்லாத முதியோர் இல்லத்தில் ஒரு சோற்றுப் பானை கெட்டால் அது செய்தியாகக்கூட வராது. வயசாச்சு, போய்ட்டாங்க என்று முடிந்துவிடும். அதுதான் பெரிய ஆபத்து. குழந்தை செத்தால் ஏன் என்று கேட்கிறோம். 80 வயதுக்காரர் செத்தால் எத்தனை வயசு என்று கேட்கிறோம்.

2023 பிப்ரவரி, விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர், அன்பு ஜோதி ஆசிரமம். இது கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது. 2021 கடைசியில் ஒரு முதியவரை அங்கே சேர்க்கிறார்கள். அந்த முதியவரின் உறவினர் வெளிநாட்டில் இருக்கிறார். அடுத்த வருஷம் பார்க்க வந்தால் ஆள் இல்லை. பெங்களூரில் வேறு இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். அங்கே போனால் அங்கேயும் இல்லை. ஆட்கொணர்வு மனு போடுகிறார்கள். உயர் நீதிமன்றம் கேட்டபின் போலீஸும் வருவாய்த் துறையும் உள்ளே போகின்றன. 140-க்கும் மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவருகிறார்கள். முறையான அனுமதி இல்லாமல் பல வருஷமாக நடந்துவந்தது தெரியவருகிறது. அடித்தது, கட்டிவைத்தது, பாலியல் கொடுமை என்று புகார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. நான் இதில் கவனிப்பது ஒன்றைத்தான். கதவைத் திறக்க வைத்தது ஆய்வு அதிகாரி அல்ல. தன் மனிதர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்த ஒரு குடும்பம். நொய்யல் விவசாயி மாதிரி, வாய் இருந்த ஒருவர். அங்கே இருந்த மற்றவர்களில் பலருக்கு அப்படி ஒருவர் இல்லை.

இது ஏழைகள் இருக்கிற இடத்தில் மட்டும் நடக்கிற விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி 1, புத்தாண்டு விடிகிற நேரம், தெற்கு டெல்லியில் கிரேட்டர் கைலாஷ் பகுதியில் காசு கட்டித் தங்கும் முதியோர் இல்லத்தில் தீப்பிடித்து இரண்டு மூதாட்டிகள் இறந்தார்கள். கிரானைட் தரையும் ஏ.சி.யும் தரத்துக்குச் சாட்சி அல்ல. சொல்லப்போனால், பளபளக்கிற கிரானைட்டைவிடச் சொரசொரப்பான சிமெண்ட் தரை வயசானவர் காலுக்கு நல்லது.

இந்த நான்கு சம்பவங்களில் இரண்டு தீ, இரண்டுமே ஊர் விழிக்காத நேரம். முதியோர் இல்லத்தின் தரத்தைப் பகலில் பார்க்க முடியாது என்பது என் கட்சி. மதியம் பன்னிரண்டரைக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். இலை போட்டிருக்கும், ஆபீஸில் ஆள் இருக்கும், வாசலில் பினாயில் வாசனை வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 30 பேர் இருக்கிற மூன்று மாடிக்கு விழித்திருக்கிற ஆள் எத்தனை? தூங்குகிற ஆள் கணக்கில் வராது. கிரில் கேட்டுச் சாவி யாரிடம்? நினைவு தப்பினவர்கள் வெளியே போய்விடக் கூடாது என்று பூட்டுவார்கள், அது நியாயம்தான். ஆனால் சாவி வீட்டுக்குப் போன நிர்வாகியின் பாக்கெட்டில் இருந்தால் அது ஏர்வாடி.

பாத்ரூமுக்கு வருவோம். உள்தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும். விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடப்பார், கதவு உள்பக்கம் திறந்தால் தள்ள முடியாது, ஆகவே கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். வாசலில் படி கூடாது. கைப்பிடி, துண்டு காயப்போடுகிற மெல்லிய கம்பியாக இல்லாமல், ஒரு ஆள் முழு எடையோடு தொங்கினாலும் பிடுங்கிக்கொண்டு வராததாக இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஒரு சின்ன லைட். சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம், இது அரசு விதிமுறையே சொல்கிற அளவு. இங்கே பல இடங்களில் ஓரடிக்கு மூன்றடி வைத்துச் சறுக்குமரமாகக் கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் படுக்கைப் புண். எழுந்து நடக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்சிங்கில் சொல்லிக்கொடுப்பார்கள். திருப்பாவிட்டால் இடுப்புக்குக் கீழே, பிட்டத்தில், குதிகாலில் தோல் சிவக்கும். சிவப்பை அன்றைக்கே பார்த்தால் காப்பாற்றலாம். விட்டால் எலும்பு வரை போகும். ஓர் இல்லத்தை அறிய எனக்கு ஒரே ஒரு தகவல்தான் தருவீர்கள் என்றால், போன மூன்று மாதத்தில் இங்கே வந்தபின் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது என்று கேட்பேன். வந்தபின் என்பது முக்கியம். சிலர் ஆஸ்பத்திரியிலிருந்தோ வீட்டிலிருந்தோ புண்ணோடுதான் வருவார்கள். அதற்கு இல்லத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. சேர்க்கும்போதே உடம்பு முழுக்கப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளும் இல்லம் தன்னையும் காப்பாற்றிக்கொள்கிறது.

சாப்பாட்டு நேரம் இன்னொன்று. சமையல்காரர் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பல இல்லங்களில் ஐந்தரை மணிக்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். காலை டிபன் எட்டரைக்கு. நடுவில் 15 மணி நேரம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டவருக்கு விடியக்காலம் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், எழுந்து பாத்ரூம் போகும்போது விழுவார், நாம் தரை வழுக்கிவிட்டது என்போம். அமெரிக்காவில் மத்திய அரசின் விதியே, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவில் பொதுவாக 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்க எந்தச் சட்டமும் வேண்டியதில்லை, ஆள் வேண்டும்.

ஆள் என்று வந்தால் நேரக் கணக்கு. ஒரு டீ-சர்ட்டுக்கு எத்தனை நிமிடம் என்று எஸ்.ஏ.எம். போடுகிற ஊர் இது. தோள் ஜாயிண்ட் எவ்வளவு, கழுத்துப் பட்டி எவ்வளவு, மடித்துத் தைக்க எவ்வளவு என்று தசமப் புள்ளி வரை தெரியும். ஆஸ்திரேலியாவில் ராயல் கமிஷன் ஒன்று முதியோர் பராமரிப்பை விசாரித்து 2021-ல் அறிக்கை தந்தது. அதன்பின் அங்கே நிமிடக் கணக்கே சட்டமானது. இல்லங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 215 நிமிடம் நேரடிக் கவனிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்ஸுடையது. நாம் இங்கே அந்த எண்ணைக் கொண்டுவந்து வைத்தால் ஓர் இல்லம்கூடத் தேறாது, தேற வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் குளிப்பாட்ட, ஊட்ட, திருப்பிப் படுக்க வைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நாள் அளந்து பார்க்கலாம் அல்லவா? நம் கம்பெனியில் வேலை நேரம் அளக்கிற ஐ.இ. பையன் ஒருவன் ஸ்டாப்வாட்சோடு ஒரு ஷிப்ட் நின்றால் போதும். 30 பேருக்கு மூன்று ஆயா என்பது நடக்கவே முடியாத டார்கெட் என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவான். முடியாத டார்கெட் கொடுத்தால் டெய்லர் என்ன செய்வார்? தையலைத் தாண்டுவார். ஆயா என்ன செய்வார்? தூக்க மாத்திரை கொடுப்பார், கையைக் கட்டிலில் கட்டுவார், ஒரே டயப்பரில் ஒரு நாள் ஓட்டுவார். இவர் கெட்டவர் இல்லை. கணக்குத் தப்பு.

ஆடிட் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதைச் சொல்லவும் திருப்பூர்க்காரனுக்கே தகுதி அதிகம். தேதி சொல்லிவிட்டு வருகிற ஆடிட்டுக்கு முதல் நாள் நாம் என்னென்ன செய்வோம் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை, சிரிப்பைப் பார்த்தாலே தெரிகிறது. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற கம்பெனி 2012 ஆகஸ்டில், தொழிலாளர் நலத்துக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் வாங்கியது. செப்டம்பர் 11-ம் தேதி எரிந்தது. ஜன்னலில் கம்பி, கதவில் பூட்டு, 250 பேருக்கு மேல் சாவு. சான்றிதழ் புதுசாகவே இருந்தது. இங்கிலாந்தில் 2009 முதல் கேர் குவாலிட்டி கமிஷன் என்ற அமைப்பு இருக்கிறது. சொல்லாமல் வந்து பார்க்கும், இப்போது நான்கு தரமாகப் பிரித்து மதிப்பீடு போடும், அந்த மதிப்பீட்டை இல்லத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2011-ல் பிரிஸ்டல் பக்கம் விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களை ஊழியர்கள் அடித்ததை வெளியே கொண்டுவந்தது பி.பி.சி.யின் ரகசிய கேமரா. அங்கே வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் அதற்கு முன்பே அந்தக் கமிஷனுக்குப் புகார் எழுதியிருந்தார், அது கண்டுகொள்ளப்படவில்லை. ஆகவே அதிகாரி வந்தால் மட்டும் போதாது.

பின்னே யார் வர வேண்டும்? இங்கேதான் நான் உங்களிடம் வருகிறேன். இந்த மாவட்டத்தின் தர்ம இல்லங்களில் கட்டடம் யார் கொடுத்தது என்று கல்வெட்டைப் பாருங்கள். உங்கள் கம்பெனிப் பெயர் இருக்கும். 2013 கம்பெனிச் சட்டத்தில் சி.எஸ்.ஆர். என்கிற சமூகப் பொறுப்புச் செலவுக்கான பட்டியலிலேயே முதியோர் இல்லம் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு 30,000 கோடிக்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர். பணம் கொடுக்கிற நீங்கள்தான் அந்த இல்லத்தின் பையர். உங்கள் பையர் உங்களிடம் கேட்டதை நீங்கள் ஏன் அவர்களிடம் கேட்கவில்லை?

கேட்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். தர்மம் பண்ணிவிட்டுக் கணக்குக் கேட்பது அசிங்கம் என்று நினைக்கிறோம். இந்த நினைப்பை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. அது போக நமக்கு ஹால் கட்டப் பிடிக்கும், ஏனென்றால் ஹாலில் கல்வெட்டு வைக்கலாம். ராத்திரி ஆயா சம்பளத்தில் கல்வெட்டு வைக்க முடியாது. கல்யாண நாளுக்கு ஜாங்கிரியும் பிரியாணியும் கொண்டுபோவோம். பாதிப் பேருக்குச் சர்க்கரை. அமாவாசைக்கு மூன்று பேர் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவார்கள், மீந்ததை ராத்திரிக்கு வைப்பார்கள். மீந்த சோற்றை எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை, கொடுத்தவர் மனசு நோகும் என்று.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 30 பேர் இருக்கும் இல்லம். ராத்திரி விழித்திருக்க இரண்டு ஆள், லீவுக்கு மாற்றாக ஒருவர், ஆக மூன்று. ஆளுக்கு மாதம் 15,000 என்றே வையுங்கள். 45,000 ரூபாய். ஒரு தலைக்கு 1,500. ஹால் கட்டுகிற காசில் இந்தச் சம்பளத்தைப் பல வருஷம் கொடுக்கலாம். கொடுக்கும்போது நிபந்தனை போடுங்கள். விழுந்தவர் நோட்டு ஒன்று, புண் நோட்டு ஒன்று, இறந்தவர் பற்றிக் காரணத்தோடு ஒரு பதிவு. எந்த நேரமும் சொல்லாமல் வருவோம் என்று எழுத்தில் ஓர் ஒப்புதல். இருப்பவர்கள் தனியாகப் பேச ஒரு போன், அவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண். உங்கள் கம்பெனியில் தொழிலாளர் கமிட்டி இருக்கிற மாதிரி, இருப்பவர்களில் மூன்று பேரும் குடும்பத்தாரில் இரண்டு பேரும் சேர்ந்த ஒரு கமிட்டி. மாதம் ஒரு தடவை கூடட்டும். முதல் நாலு கூட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள். ஐந்தாவதில் ஒருவர் காபியில் சர்க்கரை குறைவு என்பார். விடாதீர்கள், அதை உடனே சரி பண்ணிக் கொடுங்கள். காபிக்குப் பதில் கிடைத்தால்தான் அடுத்த மாதம் ஆயாவைப் பற்றிப் பேச்சு வரும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இதுவும் நம் அனுபவத்திலிருந்தே. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடினபோது பெரியவர்கள் தப்பித்தார்கள், சின்னவர்கள் போனார்கள், சாயம் சத்தமில்லாமல் வேறு ஊர்களுக்குப் போனது. அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி தந்த பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிமிர்ந்தன. முதியோர் இல்லத்திலும் இதுதான் நடக்கும். வாடகை வீட்டில் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு அம்மா தனியாகச் சமைத்துப் போட்டுக்கொண்டிருப்பார். நாளைக்கே 7.5 சதுர மீட்டர் என்று டேப் பிடித்தால் அவர் கதவை மூடிவிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் நல்ல இல்லத்துக்குப் போக மாட்டார்கள், பழைய பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவார்கள். ஆகவே தரையளவு பிறகு இருக்கட்டும். கேட்டுச் சாவி, பாத்ரூம் கைப்பிடி, ராத்திரி ஆள், நோட்டு, இவை நாலும் அந்த அம்மாவால் நம் உதவியோடு இந்த மாதமே முடியும். அவற்றை முதலில் கேட்போம். மற்றவற்றுக்கு இரண்டு வருஷம் தருவோம், பணமும் தருவோம்.

ஓர் இல்லத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். இருபத்தொரு கேள்வி. கட்டணத்தைப் பற்றிய கேள்வியில் எனக்கே முழு திருப்தி இல்லை, இல்லம் நடத்துகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் அதைத் திருத்திக் கொடுங்கள். கம்ப்ளையன்ஸ் பார்க்கிற தம்பிகள் மாதத்தில் ஓர் இரவு கொடுக்கத் தயாராக இருந்தால் போன் நம்பரை அங்கேயே எழுதிவிட்டுப் போங்கள். பகலில் மட்டும் வர முடியும் என்பவர்களும் எழுதலாம், சமையலறை பார்க்க ஆள் வேண்டும்.